நாற்காலியின் முனகல்

மூங்கில் நாற்காலியைத் தூசி தட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து முடித்த பாலிஷ்காரர், ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். கிரீச்!

“என்னம்மா, மாமியார் கணக்கா முனகுது! கட்டுகளை இறுக்கிடட்டுமா?”

“வேண்டாங்க. முனகல் அப்படியே இருக்கட்டும்,” என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

அதற்குள், பக்கவாதத்தில் படுத்திருந்த அவள் கணவரின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது. “யாருடி? நீ பெத்த துரை வந்துட்டாரா?”

“இல்லீங்க, நாற்காலி துடைக்கிறவர்.” பிறகு பாலிஷ்காரரிடம் குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவும் மகனும் பேசிக்கிறதில்லை. சாயங்காலம் இது முனகினாத்தான், பையன் வீடு திரும்பிட்டான்னு அவருக்கு நிம்மதி.”

“நல்ல வீறாப்பு! நாற்காலி தூது போகுதாக்கும்!” சிரித்துக்கொண்டே அவர் கிளம்பினார்.

பொழுது சாய்ந்தது. அவள் வாசற்கதவைத் திறந்து மூடினாள். மகனின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கிரீச்!

விபத்தில் மகன் இறந்துபோனதைக் கணவரிடம் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அந்த வீட்டில் வாய் இருந்தது நாற்காலிக்கு மட்டும்தான்.

உள்ளே ஒரு இருமல். பிறகு, என்றுமில்லாத கனிவோடு கணவர் கூப்பிட்டார்.

“சரிடா, வீறாப்பெல்லாம் போதும். உள்ளே வா, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருக்கலாம்.”