பத்து பதினாலு ரயில்

"இன்னிக்கும் அளவு மீறிச் சத்தம் வந்தா உங்க பிரிவை மூடிடுவாங்க, இசுருகி-சான்," என்றார் தலைமை அதிகாரி நாகுமோ.

இசுருகி ரயில் சத்தத்தைக் குறைக்கும் பொறியாளர். புல்லட் ரயில் கிழித்துக்கொண்டு போகும் காற்றைத் தாஜா பண்ணி வழிக்குக் கொண்டுவர, ரயிலின் கூரையில் தகடுகள் பொருத்தவே அவருக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

தண்டவாளத்தை மறைத்த உயரமான சுவருக்கு இப்பால் ஐந்து அதிகாரிகள் நின்று, கைக்கடிகாரத்தையும் சத்தம் அளக்கும் கருவியையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

மணி பத்து பதினாலு. கருவியின் முள் அசையவில்லை.

"ரயில் போயிடுச்சா?"

"மணி தாண்டிடுச்சே. போகாம எங்க நிக்கும்?"

"பூனைகூட இதைவிடச் சத்தமா நடக்கும்யா," என்றபடி நாகுமோ சோதனை அறிக்கையில் 'தேர்ச்சி' என்று முத்திரை குத்தினார்.

மை காய்வதற்குள், சுவருக்கு அப்பால் பூமி அதிர அலறிக்கொண்டு போனது பத்து பதினாலு ரயில்.

இசுருகி கண்ணை மூடிக்கொண்டார். ரயில் இரண்டு நிமிஷம் தாமதம் என்று சொல்ல ஜப்பானில் எவருக்கு வாய் வரும்?

நாகுமோ மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இடி இடிக்குது. மழை வரும்."

சுள்ளென்று அடித்த வெயிலில் ஐந்து அதிகாரிகளும் குடை விரித்தார்கள். இசுருகியும் விரித்தார்.