தேய்ந்த ஷட்டில்

“இன்னைக்கே வேணும், அண்ணே.”

தோட்டத்துக் கங்காணியின் மனைவி நல்லம்மாள், ஈப்போவில் லூர்துசாமியின் மெஷின் ரிப்பேர் கடைக்குப் பழைய தையல் மெஷினை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தாள்.

லூர்துசாமி தைத்துப் பார்த்தான். நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போனது.

“அடிநூல் ஓட்டுற ஷட்டில் தேஞ்சிடுச்சு. புதுசு கப்பல்ல வரணும்லா. கங்காணிதான் ஊருக்குப் போயிட்டாராமே, யாருக்கு இவ்வளவு அவசரமாத் தைக்கப் போற?”

அவள் சிரிக்கவில்லை. “செத்த மெஷினுக்கும் உயிர் கொடுக்கிற கைன்னு தோட்டமே சொல்லுது. உங்களால முடியாதா?”

அது போதும். தன் மெஷினின் ஷட்டிலைக் கழற்றி அவளுடையதில் போட்டான். தேய்ந்ததைத் தன்னுடையதில் மாட்டிக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுவாரம் போலீஸ் சார்ஜன் கித்தான் துணியோடு வந்தார். தோட்டத்து மெஷின்களையெல்லாம் தைத்துப் பார்த்தாயிற்று என்றார்.

“நல்லம்மா மெஷின் எப்படி ஓடுது, ஐயா?” லூர்துசாமிக்குப் பெருமை.

“ஒரு தையல்கூட விடல. இப்ப உன்னுது. தை.”

தைத்தான். துணியைப் பார்த்த சார்ஜன் கடைக்கதவைச் சாத்தினார்.

“ஈயம் தோண்டின குட்டையில கங்காணி பிணம் கிடந்த கித்தான் பையிலயும் இதே மாதிரி நாலுக்கு ஒண்ணு விட்டிருந்துச்சு.”

“ஐயா! அது நல்லம்மாளோட ஷட்டில்!”

“உன் கடையையும் பாக்கச் சொன்னதே அவதான்.”