ஒன்பதாவது நாற்காலி

“ஏலே ஷிஜு, நில்லுல! இதென்ன கோலம்?”

கோயில் வேலைகளையெல்லாம் கவனிக்கிற கோவில்பிள்ளை ஏசுரத்தினம் குறுக்கே பாய்ந்து மறித்தார். வண்டிப்பெரியார் எஸ்டேட் கோயில் வாசற்படியில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு நிற்கிறான் ஷிஜு. வேட்டிக்குக் கீழே பார்த்தால், ரெண்டு காலிலும் கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு!

பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குக் கால் கழுவியதை நினைத்துப் பாதம் கழுவும் சடங்கு நடக்கிற பூசை. இந்த வருஷம் ஓய்வுபெற்ற ஆயரே வந்து பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவி, துடைத்து, முத்தம் கொடுக்கப் போகிறார். அந்தப் பன்னிரண்டு பேரில் இந்த மகாராசனும் ஒருத்தன்.

ஒரு வாரமாக ஏசுரத்தினம் பட்ட பாடு கொஞ்சமா? ஒத்திகைக்கு வரச் சொல்லி ஒவ்வொருத்தர் காலையும் குனிந்து குனிந்து பார்த்தார். ஜினோவை நகம் வெட்டச் சொன்னார். டின்சியை நகப்பூச்சை அழிக்கச் சொன்னார். கொழுந்து எடுக்கிற கத்தரீனாளிடம், “பித்தவெடிப்பெல்லாம் கறுப்பாக் கெடக்கே, தேங்காநாரு போட்டு நல்லாத் தேய்ம்மா” என்றார்.

எல்லாரும் கழுவிவிட்டு வந்தால் பிறகு ஆயருக்கு அங்கே என்ன வேலை என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பொல்லாத கோபம் வரும்.

ஷிஜுவின் பேரைச் சேர்த்தது அவரில்லை. கோயில் பாதிரியாரான பங்குச்சாமி.

“தவக்காலம் முழுக்க அவன் ஒரு சொட்டுக் குடிக்கல, ஏசுரத்தினம்.”

“நாப்பது நாள்தானே சாமி? நாப்பத்தொண்ணாம் நாள் எந்த ஓடையில கெடக்கான்னு பாருங்க.”

இப்போது அவர் வாக்குப் பலித்துவிட்டது.

“எங்கலே விழுந்த?”

“விழலண்ணே.”

“அப்போ சேறு பறந்து வந்து ஒட்டிக்கிச்சோ? ஊது வாயை!”

ஊதினான். ஏலக்காய் வாசம்தான் வந்தது.

“ஏலக்காயை மென்னுட்டு வந்தா எங்களுக்குத் தெரியாதாக்கும்? ஓடு, போய்க் கழுவிட்டு வா!”

“இருக்கட்டும்ணே. கழுவத்தானே ஆயர் வர்றாரு?”

திமிரைப் பார்த்தீர்களா! ஏசுரத்தினம் கையை ஓங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. ஷிஜு விறுவிறுவென்று உள்ளே போய் ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவன் பின்னாலேயே தலைகுனிந்து வந்த கத்தரீனாள் பத்தாவதில் உட்கார்ந்தாள். சபைக்கு முன்னால் சட்டையைப் பிடித்து இழுக்கவா முடியும்? காலையில் அவர் முட்டிபோட்டுத் துடைத்த தரையெல்லாம் சேற்றுத் தடம்.

கோயிலில் அத்தனை கண்ணும் அந்த ரெண்டு காலின் மேல்தான். “குடிகாரப் பய, இன்னைக்குமா?” என்று பெஞ்சுக்குப் பெஞ்சு முணுமுணுப்பு.

பிரசங்கம் முடிந்து ஆயர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஏசுரத்தினம் தாம்பாளத்தோடு கூடவே நகர்ந்தார். எட்டுப் பேர் வரைக்கும் ஊற்றின தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாகக் கிடந்தது. ஒன்பதாவது ஆள் காலை நீட்டினான். தாம்பாளம் குழம்புச் சட்டியாகிவிட்டது.

ஆயர் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, விரல் இடுக்கெல்லாம் விட்டு நிதானமாகக் கழுவினார். ஏசுரத்தினத்துக்குத்தான் அங்கேயே உயிர் போய்விடும் போல இருந்தது. வேறு தண்ணீர் மாற்றிக்கொண்டு அவர் திரும்பி வருவதற்குள், பங்குச்சாமி பிடித்த தாம்பாளத்தில் கத்தரீனாளின் காலையும் கழுவி முத்தமிட்டுவிட்டு ஆயர் அடுத்த நாற்காலிக்குப் போயிருந்தார்.

கத்தரீனாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பாவம், பக்தியான பொம்பளை, இவளுக்குப் பக்கத்திலா இந்தச் சனியனை உட்கார விட்டோம் என்று ஏசுரத்தினத்துக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பூசை முடிந்ததும் ஷிஜுவை வெளியே மடக்கினார்.

“இன்னையோட சரி. இனி இந்தக் கோயில் காரியம் எதுலயும் ஒன் பேரு வராது. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் வர விடமாட்டேன்.”

“சரிண்ணே.”

 தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு இறங்குகிற பாதையில் அவன்பாட்டுக்கு நடந்தான்.

“அண்ணே!” கத்தரீனாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். “அவனை ஏசாதீங்கண்ணே. யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கான்னு அவன் கேட்டுக்கிட்டான். நீங்க ஏசுனதைக் கேட்டப்புறம் எனக்குப் பொறுக்கல.”

“என்னம்மா?”

“முப்பது வருஷமா இந்தக் காலை யாரு தொட்டிருக்கா? ஆயர் தொட்டுக் கழுவப்போறாருன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. நீங்க சொன்ன மாதிரியே நாரு போட்டேன், எலுமிச்சம்பழம் போட்டேன், செங்கல்லக் கொண்டும் தேச்சேன். ரத்தம் வந்துச்சே ஒழிய கறுப்புப் போகல. வாசல் வரைக்கும் வந்து மத்தவங்க காலையெல்லாம் பாத்துட்டு, நமக்கு எதுக்கு இந்த ஆசைன்னு வீட்டுக்குத் திரும்பிட்டேன்.”

ஏசுரத்தினம் அவள் காலைப் பார்த்தார். பிறகு பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவன் பைப்படியில சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கிட்டு நின்னான். ஏன்க்கா திரும்பிப் போறீங்கன்னு கேட்டான். அழுதுக்கிட்டே சொன்னேன். ஒடனே அந்தக் கழுவுன ரெண்டு காலையும் வாய்க்கா சேத்துல எறக்கிட்டு, ‘வாங்கக்கா, வந்து என் பக்கத்துல உக்காருங்க, இனி ஒங்க காலை எவன் பாக்கப் போறான்?’னு கூட்டிட்டு வந்தான்ணே.”