அன்னாசிப் பாகில் கோலா உருண்டை

முதல் ஈடு கோலா உருண்டை அன்னாசிப் பாகில் கரைந்து கூழாகிவிட்டது. மஞ்சக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவர்களின் சிரிப்பு கேட்கிறது. இசைவாணி மிச்சக் கொத்துக்கறியில் பொட்டுக்கடலை மாவைத் தாராளமாகப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிசைகிறாள். "கறியில போயி பழத்த ஊத்துவாங்களாடி? பேசாம கொழம்பு வச்சிரு" என்கிறார் மாமியார் ஞானசௌந்தரி. "வருசா வருசம் கொழம்புதான அத்த, கொஞ்சம் நவுருங்க." எண்ணெயில் சிவந்த உருண்டைகளில் ஒன்றை மட்டும் கொதிக்கும் மஞ்சள் பாகில் விடுகிறாள். அது முங்குகிறது, பிறகு எழும்பிப் பளபளவென்று உருள்கிறது. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் நட்சத்திர விளக்கின் சிவப்பு அவள் மூக்கு நுனி வியர்வையில் மின்னுகிறது. "அட, உடையலயே!" என்று மாமியார் குனிகிறார். இசைவாணி பொரித்த அத்தனையையும் ஒரேயடியாகப் பாகில் சரிக்கிறாள். "பெரிய தட்டா எடுங்க அத்த."