நாலு மாதத்துக்கு ஒரு முறை

"விரலை நீட்டுங்கக்கா. போன தடவையே நூலிழையில தப்பிச்சீங்க. இன்னிக்கும் ரத்தம் கம்மியா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன், ஆமா!"

சொல்லிக்கொண்டே நர்ஸ் அவள் விரல் நுனியில் ஊசியால் குத்தினாள். கண்ணாடிக்கடை அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் ரத்த வங்கியில் அவளுக்கு அந்தப் பெயர்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சிஸ்டர். ஒரு மாசமா கீரையும் பேரீச்சம்பழமுமா உள்ள தள்ளிட்டிருக்கேன்."

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் லிஃப்ட் மெக்கானிக் ஏற்கெனவே படுத்திருந்தார். அவர் கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்த அவருடைய விரல்கள் நின்றுபோனதை நர்ஸ் கவனித்தாள். மூச்சைக்கூடப் பிடித்து வைத்திருப்பவர் போலத் தெரிந்தார்.

"ஹீமோகுளோபின் பன்னிரண்டே முக்கால். பாஸ்!"

பந்து மறுபடியும் அமுங்கத் தொடங்கியது.

நர்ஸ் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் இது மூன்றாவது தடவை. நாலு மாதம் முடிந்ததும், மத்தியானம் இரண்டு மணிக்கு, மெக்கானிக் ஒரு தெருப் பக்கமிருந்து வருவார். அக்கா வேறொரு தெருப் பக்கமிருந்து வருவாள். பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள்தான் வேண்டும் இருவருக்கும்.

அந்த நேரத்தில் அந்த அறையே பாதித் தூக்கத்தில் இருக்கும். பச்சைத் திரைச்சீலை வழியே கசியும் வெயிலில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றும். இலை நிழல்கள் சுவரில் மெல்ல நீந்தும். ரத்தப் பையைச் சுமந்த தட்டு இப்படியும் அப்படியும் சத்தமில்லாமல் ஆடும்.

"இடுப்பு வலி எப்படி இருக்கு?" அக்கா கண்ணை மூடியபடி கேட்டாள். அவள் கையிலும் இப்போது ஊசி ஏறியிருந்தது.

"லிஃப்ட் எல்லாம் நான் சொன்னா இறங்குது. வலி மட்டும் இறங்க மாட்டேங்குது. உங்க கடை எப்படிப் போகுது?"

"நேத்து ஒருத்தர் புதுக் கண்ணாடி போட்டு எல்லாத்தையும் சுத்திப் பாத்தார். அப்படியே கழட்டிக் கொடுத்து, 'பழசே தேவலை'ன்னுட்டார். பக்கத்துல நின்ன அவர் சம்சாரம் முறைச்ச முறைப்பு இருக்கே!"

இருவரும் சிரித்தார்கள்.

"உங்களோடது யாருக்குப் போகும்னு நினைக்கறீங்க?" அவர் தூக்கத்தில் பேசுவதுபோல் கேட்டார்.

"ஒரு அம்மாவுக்கு. கஷ்டமான பிரசவம். இப்ப பரவாயில்ல. வெளியில அந்த அப்பா, குழந்தைய எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கார். உங்களோடது?"

"மாடிப்படில உருண்டு விழுந்த பையனுக்கு. நாளன்னிக்குக் கண்ணத் திறந்து 'பசிக்குது'ம்பான். வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல சமையல்கட்டுக்கு ஓடுவாங்க."

அந்த வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் நர்ஸுக்கே கேட்பதுபோல இருந்தது. அவள் தலையை உலுக்கிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி வெச்சுக்கிட்டுத்தானே வர்றீங்க?"

"அய்யோ, இவர் நம்பர்கூட என்கிட்ட இல்ல சிஸ்டர்!"

"கார்டுல தேதி போட்டுத் தர்றீங்க, வர்றோம். அவ்வளவுதான்," என்றார் அவர்.

இருவருக்கும் ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டி, பழச்சாறு கொடுத்தாள் நர்ஸ். கடைக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் தள்ளாடினாள்.

"ஏய், மெதுவா எழுந்திரு!"

அவர் கை அதற்குள் அவள் முழங்கையைத் தாங்கியிருந்தது.

"ஓஹோ!" நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "இவ்வளவு நேரம் 'நீங்க, உங்க'ன்னு ஒரே மரியாதை. இப்ப மட்டும் 'எழுந்திரு'வா?"

அவர் கையை விலக்கிக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. அக்கா பழச்சாற்றுக் குவளைக்குள் எதையோ தேடினாள்.

நர்ஸுக்கு இனியும் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

"அக்கா நீங்க?"

"நானும்தான்."

"அப்புறம் என்ன யோசனை? சம்பந்தம் பேச ஆள் இல்லைன்னா நான் இருக்கேன். பேசாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்குங்க!"

அன்று முதல் தடவையாக அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் எப்பவோ பண்ணியாச்சும்மா," என்றார் அவர். "அப்புறம் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிஞ்சும் ஆச்சு."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவள் சொன்னாள்: "எங்க பொண்ணுக்கு உடம்புல ரத்தம் ஊறாது சிஸ்டர். முகம் தெரியாத யார் யாரோ இதே மாதிரி வந்து படுத்துக் கொடுத்ததாலதான், ஆறு வருஷமாவது அவ எங்கள அம்மா, அப்பான்னு கூப்பிட்டா."