விருந்தாளிக்கு வைத்த கத்தி

கிரிமியப் போரில் சர் எட்மண்ட் தோர்லியின் வலது கை போனது. அவருடைய பணியாளான நான்தான் அதைச் சாக்கில் சுற்றிப் புதைத்தேன். பிறகு அவர் நாடாளுமன்றம் போனார். இந்தத் தீவுக்கு ஆளுநராகவும் வந்தார். தினமும் மதியம் அவருக்கு இறைச்சியை நறுக்கிக் கொடுப்பது என் வேலை.

வாசலில் உள்ள புத்தகத்தில் கையெழுத்திடுகிறவர்களை ஆளுநர் விருந்துக்கு அழைப்பது வழக்கம். அவர் கரும்புக்கு வரி போட்ட நாளிலிருந்து அந்தப் புத்தகத்தை யாரும் தொடவில்லை.

"இன்னைக்கும் ஒரு பயலும் வரலையா, பிரிதம்?"

"ஒரு கையெழுத்து இருக்கு சார். காவலாளி யாரையும் பார்க்கலைங்கிறான்."

புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். 'எட்மண்ட் தோர்லி' என்றிருந்தது. இப்போதைய இடது கைக் கிறுக்கல் அல்ல. போருக்கு முந்தைய அழகான வலது கை எழுத்து.

அவர் அந்த எழுத்துகளை இடது கை விரலால் தடவினார். "வழக்கம்னா வழக்கம்தான். சாப்பாட்டுக்கு இன்னொரு தட்டு வை. தனியாத் தின்னு அலுத்துப்போச்சுடா."

வைத்தேன். குழம்பு எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோது அவர் இடது கையில் முள்கரண்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இறைச்சி நேர்த்தியாக நறுக்கப்பட்டிருந்தது. விருந்தாளிக்கு வைத்த கத்தி அவருடைய வலப்பக்கத்தில், கொழுப்பு படிந்து கிடந்தது.

"இனிமே நீ நறுக்க வேண்டாம், பிரிதம்," என்றார். "கதவைச் சாத்திட்டுப் போ."