வியாழக்கிழமை பஸ்

"டாக்டர் போன ஈரம்கூடக் காயலை, அம்மா டவுனுக்குக் கிளம்பியாச்சு பாரு!"

பின் சீட்டுக் கிசுகிசு காதில் விழத்தான் செய்தது. டாக்டரின் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமாகி இந்தச் சின்ன ஊருக்கு வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சுதான்.

"என்னைத் தெரியுதாம்மா?" என்றபடி பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்தார்.

"டிரைவரண்ணே! தலையெல்லாம் நரைச்சுப்போச்சே!"

"உங்களுக்கு மட்டும் கறுத்தா இருக்கு?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் வியாழக்கிழமைதோறும் அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் டவுனுக்குப் போவாள். பாட்டு கிளாஸ் என்று பேர். போனதென்னவோ ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு. அங்கே ஒருவன் கடலையும் பெரிய நகரங்களையும் படம்படமாகக் காட்டிப் பேசுவான். கேட்கக் கேட்க அலுக்காது. வீட்டிலோ டாக்டருக்கு இருமலும் காய்ச்சலும்தான் பேச்சு. சாப்பிட்டால் ஏப்பம், படுத்தால் குறட்டை.

"அந்த ஓட்டை வண்டியை மறக்க முடியுமாண்ணே? சாயங்காலம் ஒருநாளாவது நேரத்துக்குக் கிளம்பியிருக்கா?"

சொன்னதும் அந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

ஒரு வியாழக்கிழமை, திரும்பி வருவதில்லை என்று பெட்டியோடு போயிருந்தாள். ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. அவன் ஊரைவிட்டே போயிருந்தான். கடைசி பஸ்ஸும் போயிருக்கும், விடிந்தால் ஊர் சிரிக்கும் என்று ஸ்டாண்டுக்கு ஓடினாள். பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு பஸ் நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்கள் டிரைவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு வீட்டு வாசலில் டாக்டர் அவள் பெட்டியை வாங்கி வைத்தார். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

'ஒண்ணும் புரியாத ஜடம்' என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் டவுன் பக்கமே போகவில்லை. அந்த ஜடத்தோடுதான் பிள்ளை பெற்று, வளர்த்து, சிரித்து, சண்டை போட்டுக் காலம் ஓடியது. இப்போது அந்தக் குறட்டை இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

"வண்டி ஒருநாளும் மக்கர் பண்ணலைம்மா" என்றார் டிரைவர் மெதுவாக. "தான் இருக்கிறவரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு டாக்டர் சத்தியம் வாங்கியிருந்தார். வியாழக்கிழமைன்னா காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போவார்."

"என்னன்னு?"

"'அவ வர்ற வரைக்கும் வண்டியை எடுத்துடாதீங்க. வீட்டுக்குத் திரும்பணும்னு அவளுக்குத் தோணுற நேரத்துல, பஸ் இல்லாமப் போயிடக் கூடாது'ன்னு."